தலைகீழாய்க் குத்தின மெழுகுதிரி

கிட்ட வாங்கோ, என்ர செல்லங்களே. கதவடியில் நிற்கிற ஆக்களும் உள்ளுக்கு வந்து இருங்கோ, இடம் காணும். இண்டைக்கு ஒரு களவுக் கதை சொல்லப்போறன். இதில் இரத்தம் இல்லை, துவக்கும் இல்லை. நாங்கள் கண்ட துவக்குகள் எங்களுக்குக் காணும். களவு போனது கதை எழுதின ஒரு கொப்பி. கள்ளரை எனக்கு முதல் நீங்கள் பிடித்தால் அது உங்கட கெட்டித்தனம். பிடிபடாவிட்டாலும் மனம் சலிக்க வேண்டாம். சிவலட்சுமிக்கே மத்தியானம் வரைக்கும் பிடிபடவில்லை.

சிவலட்சுமி யாரென்று தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். கிளிநொச்சியில், நீதிமன்ற வாசலுக்கு எதிரே, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு பழைய தட்டச்சுப் பொறியும் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிறவர் அவர்தான். சனத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது தொழில். முப்பது வருசமாக ஊராரின் வழக்கும் வம்பும் அவருடைய விரல்களுக்குள்ளால் போனதில், ஆள் வாய் திறக்க முதலே பொய் எந்தப் பக்கத்தால் வரும் என்று அவருக்குத் தெரியும். பெற்றோர் மலைநாட்டில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்துக்குத் தப்பி வட்டக்கச்சிக்கு வந்து வயல் செய்தார்கள். அதனால் சிவலட்சுமியின் பேச்சில் இன்னும் மலைநாட்டுச் சாயல் இருக்கும்.

அவருக்குத் துணை ஸ்ரனிஸ்லஸ். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவன். படகும் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான். இரண்டிலும் வாய்க்குத்தான் குதிரைவலு கூட.

கொப்பி களவு போனதென்று ஸ்ரனிஸ்லஸ் கூப்பிட்டதில், அன்றைக்குக் காலமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கின சிவலட்சுமி, களப்புக் கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினார்.

"தம்பி, அந்தச் செம்மஞ்சள் அங்கி ஒண்ணு குடு. எனக்கு நீச்சல் தெரியாது."

"பாதுகாப்பு அங்கியோ? இந்தா, நான் இருக்கிற பெட்டிக்குள்ள பன்னிரண்டு கிடக்கு. தீவில இருக்கிற எழுத்துக் குழுவாக்கள் தந்தவை. முதல் நாளுக்குப் பிறகு ஒருத்தரும் மூடி திறக்கேல்ல."

"ஏன்?"

"உது இடுப்பளவு தண்ணி, அக்கா. கவிண்டால் எழும்பி நிண்டு நடந்து போகலாம். இடுப்பளவு தண்ணிக்கு அங்கி போட்டவன் எண்டு ஊரில தெரிஞ்சால் என்ர மகளை ஆர் கட்டுவினம்?"

சிவலட்சுமி இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சரி, ஓட்டு" என்றார்.

போகிற இடம் களப்புக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்னத் தீவு. தில்லைத்திடல் என்று பெயர். பத்துத் தென்னை, நாலு ஓலைக் கொட்டில், மீன்பிடிகாரர் எப்போதோ கட்டின ஒரு அந்தோனியார் கூடு. அங்கேதான் கொழும்பிலிருந்து வந்த நீலமணல் எழுத்துக் குழு பன்னிரண்டு பேரை ஐந்து நாள் தங்க வைத்துக் கதை எழுதப் பழக்கிக்கொண்டிருந்தது. தென்னையில் கட்டியிருந்த பதாகையை ஸ்ரனிஸ்லஸ் உரத்து வாசித்தான்.

"'வெப்பமண்டலத் தீவில் ஐந்து நாள் எழுத்துத் தவம்.' வெப்பமண்டலம் எண்டால் என்னக்கா?"

"நீ பிறந்த இடம்."

"அட! இவ்வளவு நாளும் நான் முல்லைத்தீவு எண்டல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

கரையில் ஒரு இளம் பெண் தண்ணீருக்குள் இறங்கி வந்து படகின் கயிற்றைப் பிடித்தாள். வந்தவரை அவள் பார்க்கவில்லை. "அண்ணை, வழியில படகுக்குள்ள தண்ணி அடிச்சதோ?" என்று கேட்டாள்.

"இந்தக் காத்துக்கோ? ஒரு சொட்டும் இல்லை. அக்கா, இவள்தான் டிலுசா, எங்கட கரைப் பிள்ளை. கொப்பியைப் பறிகுடுத்தவள்."

முப்பத்துநாலு வயதிருக்கும். அழுத முகம் இல்லை. அழாத முகமும் இல்லை. அவளுடைய கையைப் பிடித்து இறங்கின சிவலட்சுமி அந்த முகத்தை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு நடந்தார்.

கொட்டில் வாசலில் கிருசாந்தன் காத்து நின்றான். குழுவின் பொறுப்பாளன் அவன்தான். துணிச்சப்பாத்தும் கழுத்துத் துண்டுமாகப் பார்வைக்கு நல்ல பெடியன். ஆனால் இரவு நித்திரை கொள்ளாத கண்.

"மூண்டு மணிக்கு விருந்தினர் வருகினம், மேடம். வெளிநாட்டில இருந்து ஒரு பதிப்பாளர் அம்மாவும் வாறா. இந்த வருசப் புத்தகத்துக்கு டிலுசாவின்ர கதையைத்தான் தெரிஞ்சு வைச்சிருந்தனாங்கள். இப்ப அது சாம்பல். அவவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"ஆரம்பத்திலேருந்து சொல்லுங்க."

சொன்னான். டிலுசாவிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. தங்கலுக்கு வர முந்தி ஒன்பது வருசமாக, கணவாய் மீன் துப்பரவாக்கின கையைக் கழுவிக் கழுவி எழுதின கதை. வேறு பிரதி இல்லை. நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு அது காணாமல் போனது. எல்லோரும் தேடினார்கள். ஐந்து மணிக்குக் குசினிக்குப் பின்னால் இருந்த கல்லடுப்பில் கடுதாசிச் சாம்பல் கிடந்தது.

"யார்மேல சந்தேகம்?"

கிருசாந்தன் குரலைத் தணித்தான். "பழனியாண்டி ஐயாவில. அவர் டிலுசாவிட்ட, 'அந்தக் கொப்பியைத் தூக்கி நெருப்பில போடு' எண்டு சொன்னதை நாலு பேர் கேட்டிருக்கினம். விருந்தினர் வர முதல் அவரை அனுப்பிவிடுறதுதான் நல்லது எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறது இலவசம். அனுப்புறதுக்குக் கொஞ்சம் பொறுங்க. வந்த நாளில எல்லார்கிட்டயும் ஏதாச்சும் கையெழுத்து வாங்கினீங்களா?"

"ஓம். வழமையான ஒப்பந்தம். ஆங்கிலத்தில."

"ஒண்ணு தாங்க. எனக்குக் கடுதாசி வாசிக்காட்டி மத்தியானச் சோறு இறங்காது."

அவன் கொடுத்ததை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிவலட்சுமி கல்லடுப்புக்குப் போனார். ஸ்ரனிஸ்லஸ் ஒரு ஈர்க்கை முறித்துக் கொடுத்தான். சாம்பலைக் கிளறினார். கறுத்துப்போன இரண்டு சின்னக் கம்பி ஊசிகள் வெளியே வந்தன.

"டிலுசா, உன் கொப்பி எப்பிடி இருக்கும்?"

"கறுப்பு மட்டை அக்கா. முதுகில சிவப்புத் துணி. நூலால தைச்ச சீ.ஆர். கொப்பி."

"நூலால தைச்சது." சிவலட்சுமி ஊசிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "நூல் எரிஞ்சு போகும், கம்பி எரியாது. இது நடுவில ரெண்டு கம்பி குத்தின மெல்லிசுக் கொப்பி. உன் கதை எரியல."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்த நிசாந்தினி ரீச்சர் இரண்டு கையையும் தட்டினா. டிலுசா மட்டும் தட்டவில்லை. அதிர்ச்சியாக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இந்த மாதிரிக் கொப்பி இங்க யார்கிட்ட இருக்கு?"

"எல்லாரிட்டயும் இருக்கு" என்றா நிசாந்தினி. "குழு எங்களுக்குத் தந்ததே உந்தக் கொப்பிதான்."

கொண்டுவரச் சொன்னார். பதினொன்று வந்தது. பன்னிரண்டாவது டிலுசாவினுடையது. "ரெண்டையும் ஒண்டாத்தான் வைச்சனான். ரெண்டும் காணாமல் போட்டுது" என்றாள் அவள்.

"விளங்கிட்டுது!" என்றான் கிருசாந்தன். "ரெண்டையும் களவெடுத்து ஒண்டை எரிச்சுப்போட்டு மற்றதை ஒளிச்சு வைச்சிருக்கிறான். எரிஞ்சு போச்செண்டு நாங்கள் தேடாமல் விடுவம் எண்டு!"

"சரியாச் சொன்னீங்க" என்றார் சிவலட்சுமி. "தேடுறதை நிப்பாட்டத்தான் எரிச்சிருக்கு. அப்ப தேடுவோம்."

தேடினார்கள். பாய், தலையணை, அரிசிச் சாக்கு, தென்னை வட்டு. ஸ்ரனிஸ்லஸ் கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே வந்து, "அடைகாக்கிற கோழி வாக்குமூலம் தர மறுக்குது" என்றான்.

பழனியாண்டி ஒரு தென்னையடியில் தனியாக இருந்தார். அறுபது வயது, வட்டக்கச்சியில் வயல், எருமையைப் பற்றி மட்டுமே பாட்டெழுதுகிற மனிதர். பையைக் கட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எங்க பொறப்பட்டீங்க ஐயா?"

"அனுப்புறதுக்கு முந்தி நானே போயிடலாம்னு பாக்கிறேன், தாயி. இந்த வயசில கள்ளன்னு பேர் வாங்கிட்டு எந்த மொகத்தோட வரம்புல நடக்கிறது?"

"நெருப்பில போடுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். இல்லேங்கல."

"எந்தக் கொப்பியை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, அதை நீ ஒருத்திதான் கேட்டே! இவங்க குடுத்த கொப்பியைத்தான். அந்தப் புள்ளையோட கதை எப்பிடிப்பட்ட கதை தெரியுமா? முதல் நாள் வாசிச்சா. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்திருச்சு. அப்பறம் கிருசாந்தன் வந்து, முடிவை மாத்தி அழுகிற மாதிரி எழுதுன்னு தினம் தினம் ஒக்கார வெச்சாரு. மூணு நாளா அந்தப் புதுக் கொப்பியில எழுதினா. எழுத எழுத மொகம் செத்துப்போச்சு. அதான் சொன்னேன்."

பக்கத்தில் வந்து நின்ற நிசாந்தினி ரீச்சருக்கும் வாய் அடங்கவில்லை. "முதலில இதுக்கு 'எழுத்து முகாம்' எண்டல்லோ பேர் வைச்சவை. நான்தான் போன் எடுத்துச் சொன்னனான்: தம்பி, நான் செட்டிகுளத்தாள், சண்டை முடிய அகதி முகாமில அடைபட்டுக் கிடந்தனான், எங்களுக்கு முகாம் காட்டாதை, பேரை மாத்தினால் வாறன் எண்டு. பேரை மாத்தினவை. புத்தியை மாத்தேல்ல. என்னட்டயும் கம்பிவேலி வரவேணும், தண்ணி வரிசை வரவேணும் எண்டுதான் கேக்கினம். நான் காதல் கதை எழுத வந்தனான், அக்கா!"

சிவலட்சுமி பழனியாண்டியின் பக்கம் திரும்பினார். "பையை அவிழுங்க ஐயா. ஒரு மணித்தியாலம் எனக்குத் தாங்க" என்றார்.

மத்தியான வெயில் ஏறிவிட்டது. ஸ்ரனிஸ்லஸ் இடுப்பைத் தடவிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, எஞ்சின் பிளக் கழட்டுற சாவியைக் காணேல்ல. ஒரு நிமிசம், அந்தோனியாரிட்டச் சொல்லிப்போட்டு வாறன்."

"அவர் என்ன, காவல் நிலையமா?"

"காவல் நிலையத்தில முறைப்பாடு குடுத்தால் துண்டுக் கடுதாசி கிடைக்கும், அந்தோனியாரிட்டக் குடுத்தால் சாமான் கிடைக்கும். துலைஞ்சதுகளைக் கண்டுபிடிச்சுத் தாறது அவரின்ர வேலை. எங்கட கரையில ஊசி துலைஞ்சாலும் ஒரு திரி, வள்ளம் துலைஞ்சாலும் ஒரு திரி. அம்மாவின்ர வயித்துக்குள்ள இருந்தே பழகி வாறம்."

கூடு முழங்கால் உயரம். உள்ளே குழந்தையேசுவை ஏந்தின அந்தோனியாரின் சின்னச் சுருவம், முன்னால் மணல் நிரப்பின தகரத் தட்டு. ஸ்ரனிஸ்லஸ் திரியைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இதென்ன கோதாரி?"

தட்டில் ஒரு மெழுகுதிரி நின்றது. அரைவிரல் அளவும் எரியாத புதுத் திரி. ஆனால் தலைகீழாக. எரிகிற முனையை மணலுக்குள் புதைத்து, அடியை மேலே விட்டு யாரோ குத்தியிருந்தார்கள்.

"காத்துக்கு விழுந்திருக்குமா?"

"காத்து விழுத்தும், அக்கா. திருப்பிக் குத்தாது."

சமையலுக்கு வந்திருந்த சுசிலாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஐயோ, அது நான் கொளுத்தினது" என்றா அவ. "நேத்து மூண்டு மணிக்குக் கொப்பியைக் காணேல்ல எண்டதும் ஓடிவந்து, அந்தோனியாரே பிள்ளையின்ர கொப்பியைக் காட்டித் தாரும் எண்டு கொளுத்தினனான். அஞ்சு மணிக்கு வந்து பாக்கேக்க இப்பிடித் தலைகீழா நிண்டுது. எனக்குத் தொடப் பயமாக் கிடந்துது, விட்டுட்டன்."

"டிலுசா இங்க வாறவளா?"

"விடிய எழும்பினால் முதல் வேலை இதுதான். முழங்காலில நிண்டு செபம் சொல்லிப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள். நேத்துப் பின்னேரத்தில இருந்து காணேல்ல. பாவம், மனம் சரியில்லை ஆக்கும்."

சிவலட்சுமி அந்தத் திரியைப் பிடுங்கி, நிமிர்த்திக் குத்தினார். பிறகு தட்டுக்கு முன்னால் மணலில் அப்படியே இருந்துவிட்டார். என்ர செல்லங்களே, அந்த இடத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, எனக்கு உங்க அந்தோனியார் பழக்கம் இல்ல. நான் ஒரு களவு செய்தா இந்தத் திரியைப் பாத்துப் பயப்படுவேனா?"

"மாட்டீங்கள். நீங்கள் பிள்ளையாருக்குத்தான் பயம்."

"கிருசாந்தன்?"

"அந்தாள் தன்ர போனுக்கு சிக்னல் இல்லாட்டித்தான் கடவுளைக் கூப்பிடும்."

"அப்ப இதைத் தலைகீழாக் குத்தினவங்க யார்? நம்பாதவன் திரியைத் திரும்பியும் பாக்க மாட்டான். இது எரிஞ்சா சாமி கொப்பியைக் கண்டுபிடிச்சிடும்னு நெஞ்சார நம்புற ஒருத்தருக்குத்தான் இதை அணைக்கத் தோணும். இந்தத் தீவில அப்பிடி மூணு பேர். சுசிலா கொளுத்தினவ. நீ நேத்து அந்த நேரம் எங்க?"

"கரையில. ஐஸ் ஏத்தப் போனனான். ஆறு மணிக்குத்தான் வந்தனான்." சொல்லிக்கொண்டே வந்த ஸ்ரனிஸ்லஸின் வாய் திறந்தபடி நின்றது. அவனுடைய வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்காத காரியம். "அக்கா... தன்ர கொப்பியைத் தானே..."

"ஊரையே ஏமாத்தலாம்னு துணிஞ்சவளுக்கு சாமியை ஏமாத்தத் துணிவு வரல. அதான் காலையில செபத்துக்கும் வரல. சரி, நீ ஆறு மணிக்கு வந்ததும் ஐஸ் இறக்க உதவிக்கு வந்தது யாரு?"

"அவள்தான்."

"இன்னைக்குக் காலையில, இடுப்பளவு தண்ணியில, காத்தே இல்லாத நேரத்தில, படகுக்குள்ள தண்ணி அடிச்சதான்னு கேட்டது யாரு?"

ஸ்ரனிஸ்லஸ் திரும்பிப் படகைப் பார்த்தான்.

"இந்தக் கரையில பிறந்த ஒருத்தருக்குத்தான் தெரியும், ஒருத்தரும் கை வைக்காத பெட்டி எதுன்னு. எழும்பு தம்பி. விடியக்காலம் தொடக்கம் நீ அந்தக் கதைக்கு மேலதான் குந்திக்கிட்டு இருக்கே."

பன்னிரண்டு செம்மஞ்சள் அங்கிகளுக்கு அடியில், பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றி, கறுப்பு மட்டையும் சிவப்பு முதுகுமாகக் கிடந்தது அந்தக் கொப்பி. சிவலட்சுமி அதைத் தொடவில்லை. "டிலுசாவைக் கூட்டிட்டு வா. அவ கை எடுக்கட்டும்" என்றார்.

டிலுசா வந்தாள். திறந்த பெட்டியைக் கண்டதும் தண்ணீருக்குள் நின்றபடியே படகைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிச்சது நான்தான்" என்றாள். "ஆனால் அக்கா, நான் எரிச்சது பொய்யை."

"சொல்லு."

"என்ர கதையில றீற்றா எண்டு ஒருத்தி. அவளைக் கட்டின மனுசன் கடைசிச் சண்டையில காணாமல் போட்டான். அவள் அவன்ர படகை எடுத்து எஞ்சின் ஓடப் பழகிக் கடலுக்குப் போறாள். சனம் பகிடி பண்ணுது, அவளும் பண்ணுறாள். கிருசாந்தன் சேர் வாசிச்சிட்டு, நல்லா இருக்கு, ஆனால் முடிவில அவள் மனுசன் உடுத்த சாரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கரையில நிண்டு அழவேணும் எண்டார். வெளியில இருக்கிற ஆக்கள் அதைத்தான் எதிர்பார்க்கினமாம். தாங்கள் தந்த கொப்பியில அப்பிடி எழுது எண்டார். எழுதினன். அக்கா, றீற்றா என்னைப் பாத்த பார்வை!" அவள் முகத்தைத் துடைத்தாள். "மூலக் கொப்பியையும் கொழும்புக்குக் கொண்டு போகவேணும் எண்டார். நீ கையெழுத்து வைச்சனி, இனி இது குழுவுக்குச் சொந்தம் எண்டார். நான் என்ன செய்யிறது? ஒளிச்சன். ரீச்சர் மூலை முடுக்கெல்லாம் தேடத் தொடங்கினா. அதை நிப்பாட்டத்தான் மற்றதை எரிச்சனான். ஆறு மணிக்குப் படகு வந்ததும் இதை இந்தப் பெட்டிக்குள்ள மாத்தி வைச்சனான்."

"பழனியாண்டி ஐயா பையைக் கட்டி வெச்சிருக்கார். தெரியுமா?"

அது அவளுக்குத் தெரியாது. முகம் வெளுத்துவிட்டது. "கடவுளே! அவருக்கேன்?"

"களவுன்னு ஒண்ணு இருந்தா கள்ளன்னு ஒருத்தன் வேணுமே. இன்னொண்ணு கேளு. இது எரிஞ்சு போச்சுன்னு ஊர் நம்பிட்டா, நாளைக்கு நீ இதை எப்பிடி வெளியில எடுப்பே? உயிரோட இருக்கிற றீற்றாவைப் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கப் போறியா? அவர் அழ வைக்கப் பாத்தார். நீ ஊமையாக்கப் பாக்கிறே."

டிலுசா எட்டிக் கொப்பியை எடுத்தாள். பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"அந்தக் கையெழுத்து, அக்கா?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்றார் சிவலட்சுமி.

மூன்று மணிக்கு விருந்தினர் வந்தார்கள். இன்னொரு படகில், எல்லோரும் அங்கி போட்டுக்கொண்டு. கதிரைகள் போட்ட பெரிய கொட்டிலில், முன்வரிசையில் நரைமுடிப் பதிப்பாளர் அம்மா. அவவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிறதுக்கு ஆயத்தமாகக் கிருசாந்தன். சிவலட்சுமி உள்ளே வந்ததைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தான்.

"கள்ளனைப் பிடிச்சீங்களோ?"

"கள்ளன் இல்ல. கொப்பி சொந்தக்காரிகிட்ட இருக்கு. முதல்ல பழனியாண்டி ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னால."

அதற்குள் டிலுசாவே முன்னுக்கு வந்துவிட்டாள். "கொப்பியை ஒளிச்சது நான். நீங்கள் தந்த கொப்பியை எரிச்சதும் நான். ஐயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட பேரில விழும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல."

பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "நெருப்பில போடுன்னு நான் சொன்னதை இந்தத் தீவில ஒருத்தியாவது கேட்டிருக்கா. அது போதும் தாயி."

கிருசாந்தனின் முகம் சிவந்தது. "இது சரியில்லை, டிலுசா. நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். அந்தக் கதை குழுவின்ர—"

"இருங்க தம்பி." சிவலட்சுமி கைப்பையிலிருந்து கடுதாசியை எடுத்து விரித்தார். ஆங்கிலத்தில் ஒரு வரியை மெதுவாக வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். "'இந்தத் தங்கலின்போது, குழு வழங்கும் கொப்பியில் எழுதப்படும் ஆக்கங்கள் குழுவுக்கு உரியவை.' நல்லா எழுதியிருக்கீங்க. நானே இவ்வளவு இறுக்கமா எழுத மாட்டேன். அந்தக் கொப்பியில இருந்தது உங்களுக்குச் சொந்தம்தான். கல்லடுப்பில இருக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க. இது ஒன்பது வருசத்துக்கு முந்தித் தொடங்கின கொப்பி. இதுக்கு உங்க கடுதாசியில ஒரு வரி இருந்தா எனக்குக் காட்டுங்க."

அவன் கடுதாசியை வாங்கிப் பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். ஸ்ரனிஸ்லஸ் பின்னாலிருந்து, "திரும்பத் திரும்பப் பாருங்கோ சேர், புதுசா ஒண்டும் முளைக்காது" என்றான்.

பதிப்பாளர் அம்மா என்ன நடக்கிறது என்று கேட்டா. கிருசாந்தன் வாய் திறக்க முதல் டிலுசா கதிரைகளுக்கு நடுவில் போய் நின்று கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்தாள். உரத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"'றீற்றா கரைக்கு வந்தாள். அவள் அழுவாள் எண்டு பாத்துக்கொண்டு ஊர்ச்சனம் நிண்டுது. அவளுக்கு நேரமில்லை. வலையை அறுத்த நண்டைப் பிடிச்சு, அதன்ர பரம்பரையையே இழுத்துப் பேசினாள். பிறகு சிவப்புப் பெயின்ற் எடுத்துக்கொண்டு வந்து, படகில இருந்த மனுசன்ர பேருக்குப் பக்கத்தில தன்ர பேரை எழுதினாள். அவன்ர பேரைவிடக் கொஞ்சம் பெரிசா.'"

முதலில் சிரித்தது சுசிலா. பிறகு நிசாந்தினி ரீச்சர். பிறகு கொட்டில் முழுக்க. பழனியாண்டிக்கு இருமல் வந்துவிட்டது. பதிப்பாளர் அம்மா கிருசாந்தனின் கையைத் தட்டி, ஏன் எல்லோரும் சிரிக்கினம் என்று கேட்டா. அவன் தொண்டையைச் செருமி, இது ஒரு சோகமான கதை என்று தொடங்கினான். அவ்வளவு ஆங்கிலம் டிலுசாவுக்கும் விளங்கும்.

"இல்லை, சேர்," என்றாள் அவள். "நண்டில இருந்து தொடங்குங்கோ. ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ. நீங்கள் முடிக்கும் மட்டும் நான் இதிலயே நிக்கிறன்."

நின்றாள். அவன் நண்டிலிருந்து தொடங்கினான். சிவப்புப் பெயின்ற் வரைக்கும் வந்தான். கடைசி வசனத்தை அவன் விழுங்கப் பார்த்தபோது டிலுசா ஒரு விரலை உயர்த்தினாள். அதையும் சொன்னான். அந்த அம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பல்லுத் தெரியச் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

அவ்வளவுதான், என்ர செல்லங்களே. கவனமாய் வீட்டுக்குப் போங்கோ. உங்கட பானையில் எப்பவும் ஒரு ஆளுக்குச் சோறு மிஞ்சியிருக்கட்டும். கடலுக்குப் போனவை கரைக்கு வரட்டும், வயலுக்கு வேண்டிய நேரம் மழை வரட்டும். உங்கட வீட்டில் பிறக்கிற ஒவ்வொரு கதைக்கும் முடிவு எழுதுகிற கை, உங்கட வீட்டுக் கையாகவே இருக்கட்டும்.